நைனாவின் மூலையில் ஈரம்

எங்கள் வீட்டில் மூத்திரம் பெய்தது பூனை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் ஏழு மாதம் இதைச் சொல்லாமல் என் அப்பாவைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நைனா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் அப்பாவுக்கு அதுதான் பெயர்.

அம்மா போன பிறகு நைனா எங்களோடு வந்துவிட்டார். என்னை உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்ததால் நாலு வீடு தள்ளி வருவதுதான், ஒரு பாயையும் ஒரு சாக்கையும் எடுத்துக்கொண்டு நடந்தே வந்தார். சாக்கில் அவருடைய பழைய வலை. வலை இப்போது எதற்கு என்று கேட்டேன். தலைக்கு உசரமாக வைத்துக்கொள்ளலாம் என்றார். எங்கள் வீடு ஒரே கூடம், பின்னால் அடுப்படி, அதை ஒட்டிக் கதவுக்குப் பதில் திரை தொங்கும் குளியலறை. கூடத்தின் வடக்கு மூலை நைனாவுக்கு. என் வீட்டுக்காரர் விடியலில் கடலுக்குப் போய்விடுவார். நான் ஒன்பது மணிக்கு ஊர் அங்கன்வாடிக்குப் போனால் திரும்பச் சாயங்காலம் ஆகும். பகலெல்லாம் வீட்டில் நைனா மட்டும்தான், அதிலும் பாதி நேரம் தூக்கம்.

முதல் நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மழை விட்டிருந்தது. சாயங்காலம் கதவைத் திறந்ததும் மூக்கில் குத்தியது. மீன் நாற்றத்தில் பிறந்து வளர்ந்த மூக்கு இது, எதற்கும் சுளிக்காது. ஆனால் அது வேறு மாதிரி இருந்தது, கண்ணைக் கரிக்கிற நெடி. நைனாவின் பாய்க்கு அந்தப் பக்கம் சுவரோரமாகத் தரை ஈரமாக இருந்தது. வலைச் சாக்கின் அடியும் நனைந்திருந்தது.

"பூன வந்துட்டுப் போச்சு கண்ணு" என்றார் நைனா.

"எந்தப் பூன? கதவு சாத்திக் கீது. ஜன்னலுக்கு வல அடிச்சிக் கீது. உன் பூன இன்னா, பறந்தா வந்துச்சு?"

எனக்கு வாய் அப்படி. பேசி முடித்த பிறகுதான் பேசியது காதில் விழும்.

நான் அப்படிக் கேட்டதற்குக் காரணமும் இருந்தது. அதற்கு முந்தின வருடம் பொன்னேரிக்குப் போய்த் திரும்பும்போது பஸ்ஸிலேயே அவர் வேட்டி நனைந்துவிட்டது. சர்க்கரை இருக்கிறவர், பஸ்ஸும் வழியில் வெகுநேரம் நின்றுபோயிற்று. மடியில் பையை வைத்து மறைத்துக்கொண்டு வந்தார். நானும் பார்க்காதது போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. பேசாத விஷயம் மனசுக்குள் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு, சமயம் வந்ததும் சாட்சி சொல்ல எழுந்துவிட்டது.

அன்றைக்கு நாலு வாளி ஏரித் தண்ணீர் கொண்டுவந்து, பினாயில் ஊற்றித் தென்னை நார் போட்டுத் தேய்த்தேன். ஏரித் தண்ணீர்தான், கடல் வந்து கலக்கிற ஏரி. எங்கள் ஊரில் நல்ல தண்ணீர் குடிக்க, ஆக்க, தலைக்கு ஊற்ற. பாத்திரம், தரை, வலை எல்லாம் ஏரிக்குத்தான். தரை கழுவ நல்ல தண்ணீர் எடுக்கிறவளைப் பார்த்தால் குழாயடியில் நிற்கிற அத்தனை பேரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருப்பேன்.

மறுநாள் காலையில் அந்த இடம் மறுபடி ஈரமாக இருந்தது. நெடியும் இருந்தது. கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. நான் நைனாவைப் பார்த்தேன். அவர் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, ஈரத்துக்கு அந்தப் பக்கம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு என் வாழ்க்கை அந்த மூலைதான். பினாயில் போய் பிளீச்சிங் பவுடர் வந்தது. அதைத் தூவினதும் கிளம்பிய புகையில் இரண்டு பேரும் இருமிக்கொண்டே வெளியே ஓடினோம். சலவைச் சோடா போட்டேன். போனில் பார்த்த வீடியோவில் ஒரு அம்மா வினிகரும் ஆப்பசோடாவும் ஊற்றினால் எந்த மூத்திர நாற்றமும் போகும் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள், அதையும் செய்தேன். பொங்கிப் பொங்கி நுரைத்தது. எல்லாவற்றையும் கடைசியில் ஏரித் தண்ணீர் ஊற்றித்தான் அலசிவிட்டேன். சில நாள் நிலத்துப் பக்கமிருந்து மேல்காற்று அடித்தால் தரை வெள்ளையாகக் காய்ந்து கிடக்கும், நாற்றமும் இருக்காது. அன்றைக்கு நைனாவுக்கு ஒரு மீன் அதிகமாக வைப்பேன். இரண்டு நாளில் கடற்காற்று திரும்பும், காலையில் எழுந்தால் மூலை பழையபடி ஈரம். அன்றைக்கு என் பாத்திரம் கழுவும் சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்கும்.

"வயசானா அப்படித்தான். வுடு" என்பார் என் வீட்டுக்காரர். அவர் கடலில் மூச்சு விட்டுவிட்டு வருகிறவர், அவரால் விட முடிந்தது. என்னால் முடியவில்லை. அங்கன்வாடியில் ஒரு நாளைக்கு நாலு பிள்ளை நனைக்கும். முகம் கோணாமல் கழுவித் துடைத்து, கன்னத்தைக் கிள்ளி அனுப்புவேன். அந்தப் பொறுமையில் ஒரு துளிகூட வீட்டுக்குக் கொண்டுவரவில்லை நான்.

பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் வாசலில் நின்று கேட்டாள்: "இன்னாடி உங்க வூட்டாண்ட இப்படிக் கப்படிக்குது?"

"நைனாவுக்கு முடியலக்கா. எங்க இருக்கிறோம்னே தெரியாமப் போயிடுது" என்றேன். வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தெரியாதவள் என்று என்னைச் சொல்லிவிடக் கூடாதே என்ற பயம். கொஞ்சம் உரக்கவே சொன்னேன். நைனா உள்ளேதான் இருந்தார். காது அவருக்கு நன்றாகக் கேட்கும்.

பிறகு அவர் பாய்க்கு அடியில் தார்ப்பாய் விரித்தேன். அது போதாதென்று பொன்னேரியிலிருந்து பெரியவர்களுக்கான டயப்பர் வாங்கி வந்தேன். மாட்டிவிடும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார், வேண்டாம் என்று சொல்லவில்லை. நாற்பது வருடம் ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை கட்டிய மனிதர், குழந்தை மாதிரி காலைத் தூக்கிக் கொடுத்தார்.

மறுநாள் காலை டயப்பர் காய்ந்திருந்தது, தரை ஈரமாக இருந்தது. கண்ணுள்ளவள் எவளாக இருந்தாலும் அந்த இடத்தில் நின்று யோசித்திருப்பாள். நானோ, அவர் அதைக் கழற்றிவிட்டுப் போய்விட்டு மறுபடி மாட்டிக்கொண்டார் என்று முடிவு செய்தேன். "இன்னா நைனா, வேணும்னே செய்றியா?" என்று கேட்டும் விட்டேன்.

அதற்குப் பிறகு பூனை என்கிற பேச்சு அவர் வாயில் வரவேயில்லை. ஒரு வாரம் கழித்து, நான் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அவராகவே சொன்னார்: "நான்தான் போலக் கீது கண்ணு. எனக்கே தெரியாம வந்துடுது."

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அப்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒத்துக்கொண்டாரே, இனி ஏதாவது வழி பண்ணலாம் என்று சந்தோஷப்பட்டேன். அவருக்கு அன்றைக்குக் காபியில் சர்க்கரைகூடப் போட்டுக் கொடுத்தேன்.

அந்த வருடம் ஊர்க்கூட்டத்துக்கு அவர் போகவில்லை. எந்த வீட்டு ஆள் எந்த நாளில் ஏரியில் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று ஊர் கூடிச் சீட்டு எடுக்கிற கூட்டம் அது. முன்வரிசையில் பெரியவர்கள் உட்காருவார்கள், நைனாவுக்கு அங்கே எப்போதும் ஒரு இடம் உண்டு. இரண்டு முறை ஆள் வந்து கூப்பிட்டார்கள். கால் வலி என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவருக்குக் கால் வலி கிடையாது. கோயில் வாசல் மணலில் நாலு பேருக்கு நடுவில் உட்கார்ந்து எழும்போது மணல் நனைந்திருந்தால் என்ன செய்வது என்றுதான் அவர் போகவில்லை. இது எனக்கு அன்றைக்கே புரிந்தது. புரிந்தும், நல்லதுதான், மானம் போகாமல் இருந்தது என்று நினைத்தேன்.

தண்ணீர் குடிப்பதை அவர் எப்போது நிறுத்தினார் என்று எனக்குத் தெரியாது. முதலில் சாயங்காலத்துக்கு மேல் குடிக்காமல் இருந்திருக்கிறார். பிறகு மத்தியானத்துக்கு மேல். கடைசியில் சோற்றோடு இரண்டு வாய், மாத்திரையோடு ஒரு வாய். நான் காலையில் நிரப்பி வைத்துவிட்டுப் போகிற சொம்பு சாயங்காலம் காலியாக இருக்கும். குடித்துவிட்டார் என்று நினைப்பேன். வாசல் முருங்கைக்கு ஊற்றியிருக்கிறார். அந்தச் சித்திரை வெயிலில் ஊரில் எல்லா மரமும் வாடிக் கிடக்க, எங்கள் முருங்கை மட்டும் தளதளவென்று இருந்தது. அதையும் பார்த்துச் சந்தோஷப்பட்டவள்தான் நான்.

ஒருநாள் அங்கன்வாடிக்கு ஆள் ஓடி வந்தது. நைனா காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்தார், உதடு வெடித்திருந்தது. ஆட்டோ பிடித்துப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூத்திரப் பாதையில் கிருமி, சிறுநீரகம் வரைக்கும் ஏறிவிட்டது என்றார்கள். அந்த டாக்டரம்மா சின்னப் பெண், எனக்குத் தங்கை வயதுதான் இருக்கும். "தண்ணியே குடிக்கிறதில்லையா தாத்தா? ஏன்?" என்று கேட்டாள். நைனா என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "தாகம் எடுக்கல" என்றார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

வீட்டுக்கே வராமல் அங்கேயே தங்கிவிட்டோம், நானும் வீட்டுக்காரரும் மாற்றி மாற்றி விழித்து. ஐந்தாம் நாள் மத்தியானம் மாற்று வேட்டி எடுத்துவர நான் ஊருக்குத் திரும்பினேன். ஐந்து நாளாகப் பூட்டிக் கிடந்த வீடு. கதவைத் திறந்தேன். கடற்காற்று வீசிக்கொண்டிருந்தது. நைனாவின் மூலை ஈரமாக இருந்தது.

பையைக் கீழே வைக்காமல் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. பாய் சுருட்டி வைத்தபடி இருந்தது. படுக்க ஆள் இல்லை. நெடி மட்டும் புதிதாக இருந்தது. அடுப்படி வாசலில் உட்கார்ந்துவிட்டேன். அழுகைகூட வரவில்லை. அப்படி உட்கார்ந்திருக்கும்போதுதான் குளியலறையில் தொப்பென்று சத்தம் கேட்டது.

கடுவன் பூனை. மணல் நிறம், ஒரு காது கிழிந்தது. குளியலறைச் சுவரில் உயரத்தில் காற்றுக்கு விட்ட ஒரு ஓட்டை உண்டு. அவ்வளவு உயரத்துக்கு எது ஏறப்போகிறது என்று அதற்கு மட்டும் வலை அடிக்காமல் விட்டிருந்தேன். வெளியே கோழிக்கூட்டின் கூரை, உள்ளே தண்ணீர் டிரம், அதற்குப் படிக்கட்டுப் போலத்தான் இருந்திருக்கிறது. திரையைத் தள்ளிக்கொண்டு வந்தது. என்னைக் கவனிக்கவில்லை. நேராக வலைச் சாக்குக்குப் போய் முகர்ந்து பார்த்தது. பிறகு திரும்பி, பின்பக்கத்தைச் சாக்குக்குக் காட்டி, வாலைத் தூக்கி நடுக்கியது. சாக்கிலும் சுவரிலும் பீய்ச்சி அடித்தது. சொத்துக்காரன் வேலி போடுகிற மாதிரி, அவ்வளவு நிதானமாக.

எனக்கு வெறி வந்துவிட்டது. அடுப்படிச் சுவரில் சார்த்தியிருந்த துடுப்பை எடுத்து வீசினேன். பின்னங்காலில் பட்டது. அது கத்திய கத்தல் இப்போதும் காதில் இருக்கிறது. டிரம்மில் இரண்டு முறை சறுக்கி, மூன்றாம் முறை ஏறி, ஓட்டை வழியாக வெளியே விழுந்து ஓடியது.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்தாள். நான் மூலையைக் காட்டினேன். பூனை பெய்தது ஒரு சாண் அகலம்தான், சரி. ஆனால் சுற்றிலும் இரண்டு முழத்துக்குத் தரை நசநசவென்று இருக்கிறதே, இது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அவள் குனிந்து, விரலால் தொட்டு, ஓரத்தில் பூத்திருந்த வெள்ளையைச் சுரண்டிப் பார்த்தாள்.

"ஏரித் தண்ணி ஊத்திக் கழுவினியா?"

"வேற எதுல கழுவுவாங்க?"

"தெனமுமா? அதான். வெடிப்புல உப்பு எறங்கிப் போச்சுடி. கடல் காத்து அடிச்சா கருவாட்டுச் சாக்கு எப்படித் தண்ணி விடுது? அதே மாதிரிதான் தரையும். உள்ள கீற பழைய மூத்திரமும் கூடவே கெளம்பும்."

மழை நாளில் உப்பு ஜாடியில் நீர் கோத்துக்கொள்வதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். பூனை வந்தது எப்போதாவதுதான். மற்ற நாளெல்லாம் காலையில் நான் பார்த்த ஈரம் நானே ஊற்றி வைத்தது. நான் கழுவக் கழுவத் தரை நனைந்தது, தரை நனைய நனைய நான் என் அப்பாவைக் குற்றம் சொன்னேன்.

வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு அடுத்த இரண்டு நாளில் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தேன். வலைச் சாக்கை எடுத்துப்போய்த் தொலைவில் புதைத்தேன். உளியும் சுத்தியலும் வைத்து அந்த மூலைத் தரையைப் பெயர்த்தேன். சுவர்ப் பூச்சையும் முழங்கால் உயரத்துக்குக் கொத்தி எடுத்தேன். அடியில் இருந்த மணலை அள்ளிக் கொட்டிவிட்டு வேறு மணல் போட்டு, நல்ல தண்ணீரில் குழைத்த சிமென்டு பூசி, மேலே சுண்ணாம்பு அடித்தேன். அந்த இரண்டு நாளும் குழாயடியில் எல்லோர் முன்னாலும் குடம் குடமாக நல்ல தண்ணீர் பிடித்தேன். யாரும் சிரிக்கவில்லை. அக்கா சொல்லியிருப்பாள். ஓட்டையை அடைக்கக் கம்பி வலையும் வாங்கி வைத்தேன்.

நைனா வீட்டுக்கு வந்த அன்றே எல்லாவற்றையும் சொன்னேன். பூனை வந்த வழி, பெய்த விதம், உப்பு, என் புத்தி, ஒன்று விடாமல். அவர் காலைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அவர் என் தலையில் கை வைத்தார். புதுச் சிமென்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னால தரைய வேற ஒடைக்க வேண்டியதாப் போச்சு" என்றார்.

"நீ இல்ல நைனா. பூன. என் கண்ணால பாத்தேன்."

"சரி கண்ணு. பூனதான்."

அவர் சொன்ன விதத்தில் எனக்கு விளங்கிவிட்டது. பெண் பெரிய மனசு பண்ணித் தன் மானத்தைக் காப்பாற்றப் பூனைக் கதை சொல்கிறாள் என்று நினைக்கிறார். தார்ப்பாயை நான் எரித்துவிட்டேன். மறுநாள் காலையில் பார்த்தால் எங்கிருந்தோ ஒரு உரச்சாக்கைக் கிழித்து விரித்து அதன்மேல் படுத்திருந்தார். தண்ணீர் கண்டிப்பாகக் குடிக்க வேண்டும், இன்னொரு முறை இப்படி வந்தால் சிறுநீரகம் தாங்காது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். சொம்பை நீட்டினால் உதட்டை நனைத்துக்கொண்டு கீழே வைத்துவிடுவார்.

அவர் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார். அதனால் கம்பி வலையை அடிக்கவில்லை. ஓட்டையைத் திறந்தே விட்டேன். டிரம்மின் மூடிமேல் தினமும் மீன் தலை வைத்தேன். அங்கன்வாடிக்குப் பத்து நாள் லீவு சொல்லிவிட்டு, பகலெல்லாம் நைனாவோடு உட்கார்ந்து அந்தக் கடுவனுக்காகக் காத்திருந்தேன். வந்து புதுத் தரையில், வெள்ளைச் சுவரில், அவர் பார்க்கும்படி ஒரே ஒரு முறை பீய்ச்சிவிட்டுப் போனால் போதும், ஆயுசுக்கும் சோறு போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன்.

"ஊர்ல எல்லாரும் பூன வராம இருக்க வழி பண்ணுவாங்க" என்றார் வீட்டுக்காரர். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை.

அது வரவில்லை. கருவாடு காய்கிற மணலில் தேடினேன். கவிழ்த்துப் போட்ட படகுகளுக்கு அடியில் குனிந்து குனிந்து பார்த்தேன். கிழிந்த காது, மணல் நிறம், ஒரு கால் நொண்டும் என்று கேட்டுக்கொண்டே ஊரைச் சுற்றினேன். யாரும் பார்க்கவில்லை. எனக்கு இருந்த ஒரே சாட்சியை நானே துடுப்பால் அடித்து விரட்டியிருந்தேன்.

ஆவணி வாக்கில் வேறு ஒன்று வந்தது. கறுப்பும் வெள்ளையும் கலந்த பெட்டைப் பூனை. அதே ஓட்டை வழியாக இறங்கி, மீன் தலையைத் தின்றுவிட்டு, நைனாவின் காலடியில் சுருண்டு படுத்துக்கொண்டது. அடக்கமான பூனை. போக வேண்டுமென்றால் வெளியே போய் மணலைத் தோண்டி இருந்துவிட்டு, மூடிவிட்டு, மூடினது சரியா என்று முகர்ந்தும் பார்த்துவிட்டு வரும். நைனாவுக்கு அதை ரொம்பப் பிடித்துப்போயிற்று. முள் எடுத்துத் தன் மீனை ஊட்டுவார். மூன்று மாதத்தில் அவர் அதோடு பேசின பேச்சு என்னோடு பேசினதைவிட அதிகம்.

ஒருநாள் காலையில் அது ஓட்டை வழியாக உள்ளே குதித்தபோது நான் அவசரமாகக் காட்டினேன். "பாரு நைனா, பாத்தியா? இந்த வழியாத்தான் வந்துச்சு. பூன வரும்னு சொன்னன் இல்ல?"

அவர் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். காதுக்குப் பின்னால் தடவிக் கொடுத்தார்.

"இதுவா கண்ணு? மணல்ல போயி மூடிட்டு வர்ற ஜீவன் இது. செய்யாதத செஞ்சன்னு சொன்னா அதுக்கு எப்படி இருக்கும்? வாயில்லாதது. நான் இல்லன்னுகூட அதால சொல்ல முடியாது. இனிமே அதும்மேல பழி போடாத."

இது இல்லை, வேறு பூனை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நைனா பூனையைக் கீழே இறக்கிவிட்டு, அவருக்கென்று நான் நிரப்பி வைத்திருந்த சொம்பை எடுத்து, தண்ணீர் முழுவதையும் அதன் கிண்ணத்தில் ஊற்றினார்.